கோயில் முன்றலில் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கோயில்களின் வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையினருக்கும்,

வணக்கம்.

இதை எங்கள் ஊர்க் கோயில் அலுவலகத்தில் ஒரு கடிதமாகக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் கோவைக்குள் போய்விடும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். எந்தக் கோயிலையும் பெயர் சொல்லிக் குறை கூற வரவில்லை. கேட்க வந்தது இதுதான்: பழைய மரங்களின் அடியில் சீமெந்து போடாதீர்கள். போட்டிருந்தால் உடைத்துவிடுங்கள். புது மண்டபத்துக்காக நின்ற மரத்தைத் தறிக்காதீர்கள்.

எங்கள் கோயிலில் கிழக்கு வீதியில் ஒரு இலுப்பை நின்றது. அதை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். பூக்கிற காலத்தில் விடியற்காலையில் போனால் மரத்தடி முழுக்க வெளிர்மஞ்சள் பூ, சதைப்பற்றோடு, ஈரமாக, ஒரு புளித்த இனிப்பு மணத்தோடு கிடக்கும். இரவு முழுக்க வௌவால்கள் தின்று சிந்திய மிச்சம் அது. காலில் மிதித்தால் ஒட்டும். கூட்டுகிற ஆச்சி திட்டிக்கொண்டேதான் கூட்டுவார். பழைய நாளில் விளக்குக்கு இலுப்பெண்ணெய்தான் என்று அவரே சொல்லியும் இருக்கிறார். வசந்த மண்டபம் கட்டுவதற்கு இடம் பார்த்தபோது அந்த இலுப்பை "நடுவில் நிற்கிறது" என்றார்கள். மரம் எப்போது நடுவில் வந்தது? அது நின்ற இடத்தில்தான் நின்றது. ஒரு காலையில் வாள் மெஷின் சத்தம் கேட்டது, மத்தியானத்துக்குள் லொறியில் ஏற்றியாயிற்று.

மண்டபம் அழகாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்பிய காசு, கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. அந்த இலுப்பைக்கு உபயகாரர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு வௌவால் போட்ட கொட்டை.

இப்போது மிஞ்சியிருப்பது தெற்குப் பக்கத்துப் புளி. அதைத் தறிக்கவில்லை, அது உண்மை. ஆனால் அடியைச் சுற்றி மேடை கட்டி, மண் நிரப்பி, மேலே சீமெந்து பூசி, மற்றப் பக்கமெல்லாம் இன்ரர்லொக் கல் பதித்தாயிற்று. மேடையில் வர்ணமும் அடித்திருக்கிறது. பார்ப்பவருக்கு மரத்துக்கு மரியாதை செய்தது போலத் தோன்றும். மரத்துக்கு அது கழுத்தில் விழுந்த கயிறு. மரத்தின் உணவு வேர்கள் ஆழத்தில் இருப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலானவை மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள் இருக்கின்றன. கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அதையும் தாண்டி ஓடியிருக்கும். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணுக்குள் காற்றுப் போகவேண்டும், மழை போகவேண்டும். மேலே கல்லை வைத்து மூடினால் இரண்டும் இல்லை. அடிமரத்தைச் சுற்றி மண்ணை உயர்த்திவிட்டால் பட்டையில் ஈரம் ஊறி அழுகத் தொடங்கும்.

மரம் உடனே பட்டுப்போகாது, அதுதான் சிக்கல். முதலில் உச்சியில் இலை ஐதாகும். அடுத்த வருடம் நுனிக் கொப்புகள் காய்ந்து மொட்டையாக நிற்கும். பிறகு அடியில் தட்டுத் தட்டாகக் காளான் வரும். அப்புறம் ஒருநாள் காய்ந்த கொப்பு ஒன்று தகரப் பந்தலில் விழும், "மரத்துக்கு வயது போய்விட்டது, ஆபத்து, தறிக்கவேண்டும்" என்று கூட்டத்தில் தீர்மானம் வரும். கல் பதித்த வருடத்தை அந்த நேரம் யாரும் நினைக்கமாட்டார்கள். எங்கள் புளியின் உச்சி இந்த வருடம் ஐதாகிவிட்டது. அவசரமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரு வளவும் வீடும் உள்ள பெண் நான். நம்மூர் வழக்கப்படி அந்த வளவு அம்மம்மாவுக்குச் சீதனமாகி, அம்மாவுக்குச் சீதனமாகி, எனக்கு வந்தது. காணி உறுதியில் நான்கு எல்லையும் எழுதியிருக்கிறது, மரங்களை எழுதவில்லை. ஆனால் மரங்களோடுதான் வந்தது. கிணற்றடியில் ஈரப்பலா, வேலியோரம் பூவரசு, முன்வாசலில் வேம்பு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் வளவிலிருந்த தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தனவாம். வேம்பு பாதியில் முறிந்து, அடுத்த மழைக்குத் தளிர்த்ததாம். அம்மா இன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டதும் பாயைத் தூக்கிக்கொண்டு அதன் கீழே போவார். மின்விசிறி இருக்கிறது, அது கச்சான் என்கிற வறண்ட சுடுகாற்றைத்தான் சுழற்றிச் சுழற்றித் தருகிறது என்பார். முறிந்த இடத்தில் இப்போது ஒரு பொந்து. ஒரு வருடம் மைனா, ஒரு வருடம் கிளி. வாடகை யார் வாங்குகிறார்களோ தெரியாது.

மரங்களில் எனக்கிருக்கிற பைத்தியம் இப்படி வீட்டிலேயே பிடித்தது. எந்த ஊருக்குப் போனாலும் கூட வருபவர்கள் கோபுரத்தைப் படமெடுப்பார்கள், நான் வெளிவீதியில் என்ன மரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தலை எண்ணும்போது என்னைத்தான் தேடுவார்கள்.

கதிர்காமத்துக்கு நடந்து போனவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டு, காட்டுப்பாதை திறந்து உள்ளே நுழைந்த பிறகு நம்மைக் காப்பாற்றுவது யார்? வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் பாலை மரமும் வீரை மரமும்தான். பாலைப்பழம் பழுக்கிற காலமும் அதுதான். மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழம். வாயில் போட்டால் தேன், இரண்டு மூன்று தின்றதும் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கும் அதில் ஆசை என்பதால் தனியே மரத்தடிக்குப் போகவேண்டாம் என்று சாமிமார் சத்தம் போடுவார்கள். கும்புக்கன் ஆற்றுக்கு வந்து சேர்ந்ததும் இரண்டு கரையிலும் மருதமரங்கள். வெளிறிய வழுவழுப்பான அடிமரம், ஆற்றை நோக்கி இறங்கிய வேர்கள். அந்த வேரில் தலையை வைத்துப் படுத்தால் எழும்ப மனம் வராது. காலெல்லாம் கொப்பளத்தோடு வந்த கிழவி ஒருவர் அங்கே மருதின் அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கே சிலையும் இல்லை, கோபுரமும் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

அனுராதபுரத்துக்கும் போயிருக்கிறேன். அரசமரம் என்று எழுதியதும் நமது மாவட்டங்களில் வேறு கதைகள், வேறு கசப்புகள் நினைவுக்கு வரும் என்று தெரியும். அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை, அங்கே நிற்கிற ஸ்ரீ மகா போதி மரத்தை மட்டும் பேசுகிறேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்று அதைச் சொல்கிறார்கள். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல். இவ்வளவு பேர்பெற்ற மரம் பருத்துப் பெரிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஒடிசலான மரம், சாய்ந்து போன கிளைகள். அந்தக் கிளைகளுக்குப் பொன்முலாம் பூசிய முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். "வயது போய்விட்டது" என்று யாரும் வாள் கொண்டு வரவில்லை. சனம் இருந்து கும்பிடுகிற முற்றம் மணல். வெள்ளை உடுப்போடு மணலில் சப்பணம் கட்டி இருக்கிறார்கள். முட்டுக்கொடுத்தல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நம்மூர்த் தச்சருக்கும் ஒட்டுவேலைக்காரருக்கும் அரைநாள் வேலை.

மன்னார் பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் (பாவோபாப்) நிற்கிறது. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், உயரம் அதற்குப் பாதிகூட இல்லை. ஆபிரிக்காவின் மரம், அரபு வணிகர்கள் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். வேலி போட்டு, பலகை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து வந்த மரத்துக்கு அங்கே அந்த மரியாதை. நம்மூரில் பிறந்த இலுப்பைக்கு லொறி.

சிதம்பரம் போனபோது ஒரு வேடிக்கை. தில்லை மரத்தைப் பார்க்கவேண்டும் என்று கோயிலைச் சுற்றி ஆசையாகத் தேடினேன். ஒரு பூக்காரம்மா சிரித்துவிட்டு, அதெல்லாம் இங்கே இல்லை, பிச்சாவரம் போங்கள், கழிக்கரையில் நிற்கும் என்றார். போனேன், படகில் ஏறினேன், பார்த்தேன். பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நமது வாவிக்கரையில் கண்டல்களோடு கண்டலாக நிற்கிற அதே மரம்! உதிரப்போகிற இலை செம்மஞ்சளாகச் சிவந்து நிற்கும், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று சின்னதில் நம்மை அதட்டி வளர்த்த தில்லை. மண்டூர் முருகனைத் தில்லை மண்டூர் என்றுதானே பாடுகிறோம். கடல் கடந்து, விசா எடுத்துப் போய்ப் பார்த்த மரம் வாவியோரத்தில் தன்பாட்டில் நிற்கிறது. ஆனால் கோயில் காணிகளை வாவிப் பக்கம் நிரவும்போது முதலில் போவதும் அதுதான்.

நமக்கு மரத்தின் அருமை தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். நமது கோயில்கள் மரத்தடியில் தொடங்கியவை. கொக்கட்டிச்சோலையில் வேடனின் கோடரி பட்டதும் கொக்கட்டி மரத்திலிருந்து இரத்தம் வந்தது, அங்கே தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார் என்ற கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். வதனமார் என்கிற ஊர்த் தெய்வங்களுக்கும் வைரவருக்கும் பல ஊர்களில் மரம்தான் கோயில். கண்ணகை அம்மன் சடங்கில், அம்மனின் கல்யாணத்துக்கு நடுகிற கல்யாணக்காலுக்குக் கொப்பு வெட்டப் போகும்போது எங்கள் ஊரில் வெறுங்கையோடு போவதில்லை. மரத்தடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, வெற்றிலை பாக்கு வைத்து, கர்ப்பூரம் கொளுத்தி, மரத்திடம் கேட்டுத்தான் பூசை செய்கிற கட்டாடியார் கத்தியை வைப்பார். ஒரு கொப்புக்கு அவ்வளவு பேச்சுவார்த்தை. முழு மரத்துக்கு ஒரு தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், முடிந்தது.

அம்மன் சடங்கைப் பற்றிப் பேசினால் இன்னொன்றும் சொல்லவேண்டும். நமது கோயில் விழாக்களில் பெரும்பகுதி வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வருகிறது. வைகாசியில் கண்ணகை அம்மன் கதவு திறக்கும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், ஆவணியில் கொக்கட்டிச்சோலைத் தேரும் மண்டூர்த் தீர்த்தமும். கச்சான் காற்று அடித்து உடம்பிலிருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகிற காலமும் அதேதான். வேப்பிலையும் தண்ணீருமாகத் திருக்குளிர்த்தி பாடி, மதுரையை எரித்து வந்தவளைக் குளிரவைக்கிறோம். வாசலில் நிற்கிற சனம் வேகிறது. போன சடங்கில் பகல் பூசைக்கு வந்த பிள்ளைகள் இன்ரர்லொக் கல்லில் கால் வைக்க முடியாமல் துள்ளித் துள்ளி ஓடினார்கள். அங்கப்பிரதட்சணம் செய்தவருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பாதை போடவேண்டியிருந்தது. அம்மா என் காதில் சொன்னார்: "இதென்னகா புள்ள, தீமிதிப்புக்கு இனிக் குழி வெட்டத் தேவையில்ல போல." சிரித்தேன், ஆனால் அம்மாவால் அன்றைக்கு வெளிவீதி சுற்ற முடியவில்லை. முன்பு மணல் இருந்தது. மணலும் சுடும், மறுக்கவில்லை, ஆனால் மர நிழலில் இருந்த மணல் சுடவில்லை. பொங்கல் பானை வைத்த பெண்கள் புளியின் கீழும் இலுப்பையின் கீழும் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து இருப்பார்கள். இப்போது தகரப் பந்தல் போடுகிறீர்கள். தகரத்தின் கீழே ஒரு பானை பொங்கிப் பாருங்கள்.

புது மரம் நடவில்லையா என்று கேட்பீர்கள். நட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். சுவரோரம் வரிசையாக நெட்டிலிங்கம், தொட்டியில் குரோட்டன். நெட்டிலிங்கம் பச்சைத் தூண் மாதிரி நிற்கும். அதன் நிழலில் ஒரு ஆள் நிற்கவேண்டுமானால் ஆளும் நெட்டிலிங்கம் போல இருக்கவேண்டும். சில இடங்களில் நாகலிங்கம் வைத்திருக்கிறார்கள். பூ அழகு, பெயரில் சிவனும் இருக்கிறார், தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்பதற்காக நான் அதை வெறுக்கப்போவதில்லை. ஆனால் கோயிலுக்கென்று வைப்பதானால் மகிழ், புன்னை, மருது, இலுப்பை, வேம்பு என்று நமது வெயிலும் உப்புக்காற்றும் பழகியவை இருக்கின்றனவே. புன்னை கடற்கரையிலேயே கம்பீரமாக நிற்கிறது. காத்தான்குடியில் பிரதான வீதி நடுவே பேரீச்சை வைத்தார்கள். நிழல் குறைவு, ஆனால் விட்டுவிடாமல் பராமரித்ததால் குலை தள்ளிப் பழமும் எடுக்கிறார்கள். கன்று வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போவது யாருக்கும் வரும். முதல் இரண்டு கச்சானுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை வைக்கிற அன்றே எழுதி வையுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. மணல் முற்றத்தில் மழைக்குச் சேறு வரும், சக்கர நாற்காலி ஓடாது, குப்பை கூட்டுவது சிரமம். சரி, வாசலிலிருந்து மூலஸ்தானம் வரைக்கும் ஒரு கல் பாதை போடுங்கள், யார் வேண்டாமென்றது? முழு வீதியையும் மூடவேண்டியதில்லை. கோபுரத்து இடுக்கில் குருவி போட்ட விதையில் ஆலும் அரசும் முளைத்தால் உடனே பிடுங்குங்கள். அதில் எனக்குச் சண்டையில்லை, கட்டடத்தைப் பிளந்துவிடும். உண்மையாகவே உள்ளே உக்கிப்போன மரம் சனத்தின் மேல் விழும் என்றால் அதையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தீர்மானிப்பது மரம் தெரிந்த ஒருவராக இருக்கட்டும், மண்டபக் கொந்தராத்துக்காரராக இருக்கவேண்டாம். பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் வெட்ட அனுமதி எடுக்கவேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கோயில் புளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதற்கு நீங்கள்தான் சட்டம்.

முடியாது என்பதும் இல்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்ன வைரவர் கோயிலில் தகரக் கூரை போடும்போது வேம்பு குறுக்கே வந்திருக்கிறது. கூரையில் வட்டமாக ஓட்டை விட்டு, மரம் ஆடும்போது தகரம் பட்டையை அறுக்காமல் விளிம்புக்குப் பழைய டயரை வெட்டிச் சுற்றியிருக்கிறார்கள். மழைக்கு உள்ளே கொஞ்சம் ஒழுகும், ஒழுகட்டும் என்று ஐயர் சொன்னார். பொறியியலாளர் யாரும் வந்து வரைபடம் போட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். மண்டபத்துக்கு இடம் பார்க்கிற கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். மரத்தடியில் இருப்பவர்கள் பொங்கல் வைக்கிற பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், வயோதிபர்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். நிழலில் இருப்பவரிடம் கேட்காமல் நிழலை விற்றுவிடுகிறீர்கள். குடிக்கு, அதாவது தாய்வழிக் குலத்துக்கு, ஒருவர் என்று சபை அமைவது நமது பழைய முறை, அதை மாற்றச் சொல்ல இந்த மடலில் நான் வரவில்லை. ஆனால் மரம் தறிக்கும் விஷயத்தைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அறிவித்தலைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள், ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள். அன்னதானத்துக்கு அரிசி கேட்கும்போது எங்கள் வளவு வாசலுக்கு வருகிறீர்களே, அதேபோல இதற்கும் ஒரு சொல் வந்து கேளுங்கள்.

அப்புறம் ஆணி. திருவிழா விளம்பரப் பலகையை மரத்தில் அறையாமல் கம்பத்தில் கட்டலாம். சருகைக் கூட்டி அடிமரத்திலேயே கொளுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள், பட்டை வெந்தால் மரத்தின் உயிரோட்டம் அந்தப் பக்கம் நின்றுவிடும். விழாக்கால மின்குமிழ்களைச் சுற்றினால் விழா முடிந்ததும் கழற்றுங்கள், கொப்புக்குள் கம்பி புதைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கோயில் சபையாருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். புளியைச் சுற்றியிருக்கிற மேடையையும், கிளை விரிந்திருக்கிற அளவுக்கு இன்ரர்லொக் கல்லையும் எடுத்துவிட அனுமதி தாருங்கள். கூலிக்காசை எங்கள் பக்கத்துப் பெண்கள் சீட்டுப்போட்டுச் சேர்த்திருக்கிறோம். அலவாங்கு இருக்கிறது, பிடிக்க இளந்தாரிகளும் இருக்கிறார்கள். வேரில் அடி படாமல் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறோம். எடுத்த கல்லை மடப்பள்ளிக்குப் போகிற பாதைக்குப் பதிக்கலாம், வீண்போகாது. புரட்டாசி முடியுமுன் வேலை முடிந்தால் மாரியின் முதல் மழை வேருக்குப் போய்ச்சேரும். அதற்குப் பிந்தினால் இன்னொரு கச்சானை அந்த மரம் தாங்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் அடுத்த நிருவாகக் கூட்டத்திலேயே இதை எடுத்து, முடிவை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
எழுவான்கரையிலிருந்து,
உங்கள் கோயில் அடியாள் ஒருத்தி